உண்ணிச்செடியை வெட்டி ஓய்ந்துவிட்டோம், யோசனை சொல்லுங்கள்

எங்கள் பேரூராட்சிக்கு மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு காடு சொந்தம். அதில் பாதியை உண்ணிச்செடி (லாண்டனா என்ற அந்நிய முள்புதர்) மூடிவிட்டது. போன வருடம் ஏழு பேர் ஞாயிறுதோறும் போய் அரிவாளால் வெட்டினோம். மழை பெய்ததும் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தளிர்! கையில் முள் கீறல்தான் மிச்சம்.

அப்புறம் ஒரு பெரியவர் சொன்னபடி, மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தை (தண்டும் வேரும் சேரும் இடத்தை) கடப்பாரையால் நெம்பி அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். அங்கெல்லாம் அவ்வளவாகத் துளிர்க்கவில்லை. ஆனால் கறுத்த பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் விதையை மறுபடி தூவிவிடுகின்றன. பூப்பதற்குள் முடித்துவிட ஆள் போதவில்லை.

வெறுமையான இடத்தில் உடனே எதை நடலாம்? உள்ளூர்ப் புல்லா, புங்கன், வேம்பு மாதிரி மரமா? குவிந்த புதரை எரிக்க எனக்கு மனமில்லை, தீ பட்ட நிலத்தில் இது இன்னும் செழிக்கும். கூடை, நாற்காலி முடைய இதன் தண்டை வாங்குவோர் யாராவது உண்டா?

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டதே, வனத்துறைக்கு வெளியே உள்ள நிலத்துக்கு அதைக் காட்டி யாராவது உதவி பெற்றிருக்கிறீர்களா? மனு எப்படி எழுதினீர்கள் என்று சொன்னால் போதும்.