ஆளில்லாவிட்டாலும் ஓடிய ரயில்: பெர்லின் ராணுவ வண்டி

பெர்லின் என்றால் எல்லோரும் சுவர், அதில் இருந்த சோதனைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லி என்றே ஆரம்பிக்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு பெர்லின் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு ராணுவங்களின் பொறுப்பில் இருந்தது, சுற்றிலும் சோவியத் பக்கமிருந்த கிழக்கு ஜெர்மனி. பிரிட்டிஷ் ராணுவத்தின் 62-வது போக்குவரத்து ஸ்குவாட்ரன் பற்றி எழுதுபவர் குறைவு. மேற்கு பெர்லினின் சார்லாட்டன்பூர்க் ஸ்டேஷனில் இருந்து மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் வரை காலையில் போய், அன்று மாலையே திரும்பிய ராணுவ ரயிலை நடத்தியவர்கள் அவர்கள். சுமார் 230 கி.மீ. அதில் பெரும்பகுதி கிழக்கு ஜெர்மனி மண். நாலே பேர் ஏறினாலும் வண்டி புறப்பட்டாக வேண்டும். வயலுக்கு நடுவே உள்ள வழிநடைப் பாத்தியம் போய்விடக் கூடாதென்று தினம் நடந்து காட்டுவார்களே, அந்தக் கணக்குதான்.

இரண்டு ஜெர்மனிகளின் எல்லையில், கிழக்குப் பக்கம் மரீன்போர்ன் ஸ்டேஷன். அங்கே வண்டியின் கமாண்டரான அதிகாரியும், ரஷ்ய மொழிபெயர்ப்பாளரும், ஒரு வாரண்ட் ஆபீசரும் பயண ஆவணங்களோடு இறங்குவார்கள். பிளாட்பாரத்தில் மார்ச் செய்து சோவியத் அதிகாரியிடம் போய், சல்யூட் வைத்து, ஆவணக் கட்டைக் கொடுப்பார்கள். முத்திரை விழுந்து திரும்பும் வரை வண்டி நகராது. பயணிகள் இறங்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது.

சிக்கல் பெரும்பாலும் தாளில்தான். பெர்லின் பயண ஆவணம் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்றிலும் இருக்கும். அதிலுள்ள பெயரும் எண்ணும் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். டைப் அடித்தவர் ஒரு எழுத்தை விழுங்கினால் போதும், சோவியத் பக்கம் ஏற்காது. அடித்துத் திருத்தியது செல்லாது, புதிதாகத்தான் டைப் அடிக்க வேண்டும். அதனால் புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு தாளையும் அட்டையோடு வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

*

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு சேர்க்கை. ஏன் இறங்கிப் போய்க் காட்டினார்கள்? விடை 1948-இல் இருக்கிறது. அந்த ஏப்ரல் 1 முதல் ராணுவ வண்டிகளில் ஏறிப் பயணிகளைச் சோதிப்போம் என்றது சோவியத் தரப்பு. அமெரிக்க வண்டி ஒன்றின் கமாண்டர் இடம் கொடுத்துவிட்டார். மறுத்த வண்டிகள் வந்த வழியே திரும்பின. ஜூன் 24-இல் மேற்கு பெர்லினுக்குப் போகும் ரயிலையும் சாலையையும் அடைத்து முழு முற்றுகை. 1949 மே 12-இல்தான் தண்டவாளம் திறந்தது. தாளை நாங்கள் கொண்டுவந்து காட்டுகிறோம், நீங்கள் பெட்டியில் கால் வைக்க வேண்டாம் என்பதுதான் அந்த பிளாட்பார நடையின் அர்த்தம்.

இன்னொன்று: தாளைச் சோவியத் அதிகாரியிடம் மட்டுமே கொடுப்பார்கள். கிழக்கு ஜெர்மன் ஆளிடம் நீட்டினால் அந்த அரசை அங்கீகரித்தது போலாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், கிழக்குப் பகுதியில் வண்டியை இழுத்தது கிழக்கு ஜெர்மன் ரயில்வேயின் எஞ்சின். ஓட்டியதும் அவர்கள் டிரைவர்தான்!

*

சாலையில் போன ராணுவ வாகனங்களுக்கும் இதே விதி சார். மேற்கு ஜெர்மனி எல்லையில் ஹெல்ம்ஷ்டெட்டில் இருந்த ஆல்ஃபா சோதனைச் சாவடியில் இருந்து பெர்லின் வாசலில் இருந்த பிராவோ சாவடி வரை சுமார் 177 கி.மீ. புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அதிவேகம் என்று பிடிப்பார்கள். 4 மணி தாண்டினால் தேட ஆள் கிளம்பும். வண்டி நின்றுவிட்டால் விட்டுப் போகக் கூடாது, அடுத்து வரும் நேச நாட்டு (அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு) வண்டியிடம் சொல்லியனுப்ப வேண்டும். கிழக்கு ஜெர்மன் போலீஸ் மறித்தால் வாக்குவாதம் கிடையாது. கண்ணாடி வழியே ஒரு அட்டையைக் காட்டுவார்கள். சோவியத் அதிகாரியை அழைக்கவும் என்பதுதான் அதில் இருக்கும்.

மறுபடி ரயிலுக்கு வந்தால், அமெரிக்க வண்டியையும் பிரிட்டிஷ் வண்டியையும் சிலர் குழப்புகிறார்கள். அமெரிக்கர்களுடையது மேற்கு பெர்லினின் லிஷ்டர்ஃபெல்ட வெஸ்ட் ஸ்டேஷனில் இருந்து கிளம்பிய இரவு வண்டி, தூங்கும் வசதியோடு. பிரெஞ்சுக்காரர்கள் மேற்கு பெர்லினின் டேகலில் இருந்து பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் போனார்கள். பிரிட்டிஷ் வண்டி மட்டும் பகலில் ஓடியது, வெள்ளை மேசை விரிப்போடு சாப்பாட்டுப் பெட்டி உண்டு. ஜெர்மனி 1990 அக்டோபர் 3-இல் ஒன்றான பிறகும் அது உடனே நிற்கவில்லை, 1991 வரை ஓடியது.