கோத்தகிரியிலிருந்து மிச்சிகன்: கணிதக் கல்வியில் பிஎச்.டி., முதல் செமஸ்டர்

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து கோத்தகிரியில் நான்கு வருடம் டீச்சர் வேலை. கணித ஆசிரியர் கல்வியில் பிஎச்.டி. படிக்க மிச்சிகன் வந்து மூன்று வாரம் ஆகிறது. வகுப்பில் கணக்கே போடுவதில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ? இதே படிப்பு படித்த அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

பதில்: சரியான இடம்தான் தங்கச்சி. நான் குன்னூர். லீவுக்கு வந்திருக்கிறேன், மழை, கரண்ட் இல்லை, போனில்தான் தட்டுகிறேன்.

என் முதல் செமினாரில் ஒன்றரை மணி நேரமும் ஒரே கணக்கு. 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. ஊரில் என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, அடுத்த நோட்டு. அங்கே, பிள்ளை எதை நினைத்து எழுதியது என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒருவர் சொன்னார்: முதல் டெஸ்டில் 2-க்கு 1 மார்க், அடுத்ததில் 3-க்கு 1, மொத்தம் 5-க்கு 2. மார்க்கை நாமே அப்படித்தானே கூட்டுகிறோம்! பின்னம் கூட்டும்போது இரண்டுக்கும் முழுசு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை நான் வகுப்பில் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாடம் தெரிவது ஒன்று, பாடம் நடத்தும் முறை தெரிவது ஒன்று. இந்தப் பாடத்தில் பிள்ளைக்கு எங்கே இடறும், எப்படிச் சொன்னால் பிடிபடும் என்று தெரிவது இன்னொன்று. 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் இதற்கு 'பெடகாஜிக்கல் கன்டென்ட் நாலெட்ஜ்' என்று பெயர் வைத்தார். இனி உன் காது புளிக்கும்வரை கேட்பாய். நீ கோத்தகிரியில் பார்த்த நோட்டுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். செமினாரில் அதைப் பேசு.

ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதே. ஆய்வுக்கு ஆகும் என்று மாணவர்களின் நோட்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றையும் பயன்படுத்த முடியவில்லை. ஐ.ஆர்.பி. என்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் அப்புறம். அதற்குப் பிறகுதான் நோட்டு. டிசம்பரில் ஊரில் டேட்டா எடுப்பதாக இருந்தால் இப்போதே விண்ணப்பி. படிவம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் கேம்பஸ் வேலை வாரம் 20 மணி நேரம்தான். இந்தப் பட்டம் மட்டும் இருந்தால் அங்கே அரசுப் பள்ளியில் டீச்சர் ஆகிவிட முடியாது. லைசென்ஸ் தனி, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. படிப்பின் பெயரில் கணிதம் இருப்பதாலேயே ஸ்டெம் பட்டியலில், அதாவது முடித்தபின் அங்கே கூடுதல் காலம் வேலை பார்க்க வழி உள்ள அறிவியல், தொழில்நுட்ப, கணிதப் படிப்புகளின் பட்டியலில், இருக்கும் என்று நம்பாதே. ஐ-20-இல் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த படிவம்) உள்ள சி.ஐ.பி. எண்ணை, அதாவது படிப்பின் குறியீட்டு எண்ணை, வைத்துப் பார். அப்புறம், மலைக்காரிக்குக் குளிர் ஒன்றும் செய்யாது என்று நம் ஊர் ஸ்வெட்டரோடு ஜனவரியில் வெளியே இறங்கிவிடாதே.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் ஊட்டி பக்கம் முத்தோரையில் இருக்கிற ரேடியோ டெலஸ்கோப்பை எடு. 530 மீட்டர் நீளம். அது நிற்கும் சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது, அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒன்றை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நான் ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் பூமியாகவும் இரண்டு ஊசியை அந்த இரண்டு அச்சாகவும் வைத்துக் காட்டினேன். டெலஸ்கோப் போட்டோ வேண்டுமென்றால் சொல், மழை விட்டதும் பஸ் ஏறிப் போய் எடுத்து அனுப்புகிறேன்.