ஆர்ஜிரோடைட் என்று சீட்டு ஒட்டிய கல், நம்பலாமா?

கீழக்கரை_கல்கடை:
வாப்பா கொழும்பில் கல் வியாபாரம் பார்த்தவர். அவர் பெட்டியில் இருந்த நீலமும் வைடூரியமும் எனக்குப் பழக்கம். கூடவே எஃகு நிறத்தில், கையில் வைத்தால் கனக்கிற ஒரு கல். பழைய சீட்டில் ‘ஆர்ஜிரோடைட், ஃப்ரைபெர்க்’ என்று மசியில் எழுதியிருக்கிறது. ஒளி புகாத கல் என்பதால், கல்லுக்குள் ஒளி வளைவதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் உதவாது. உடைக்காமல் சோதிக்க வழி உண்டா? உம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்.

ராம்நாடு_நிலவியல்:
புளி வேண்டாம் தம்பி, மேலே உள்ள கருமையும் ஒரு அடையாளம். சீட்டு உண்மையென்றால் பெரிய சரக்குதான். ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த இந்தக் கனிமத்தை விங்க்ளர் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். எத்தனை முறை கூட்டினாலும் சுமார் 7 சதவீதம் குறைந்தது. அந்தக் குறையைத் துரத்தித்தான் 1886இல் ஜெர்மேனியத்தைப் பிடித்தார். மெண்டெலீவ் தன் தனிம அட்டவணையில் 1871இலேயே கட்டம் ஒதுக்கி வைத்திருந்த தனிமம் அது. கல்லில் முக்கால் பங்கு வெள்ளி, மீதி கந்தகமும் ஜெர்மேனியமும். மோஸ் அளவில் (வைரம் 10) கடினம் 2.5தான், செப்புக்காசே கீறிவிடும். அதனால் உரசிப் பார்க்காதீர்கள்.

உங்கள் காரட் தராசே போதும். கல்லை முதலில் உலர்வாக நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். உலர் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 6.2 பக்கம் வந்தால் ஆர்ஜிரோடைட்டாக இருக்கலாம். நம்ம ஊர் உப்பு போர் தண்ணீரை எடுக்காதீர்கள், கேன் தண்ணீர் எடுங்கள். கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழியையும் தட்டிவிடுங்கள், எல்லோரும் கோட்டைவிடுவது அங்கேதான்.

மண்டபம்_பையன்:
பேட்டரியில் போடுகிறார்களே ஆர்ஜிரோடைட், அதுவா அண்ணே?

ராம்நாடு_நிலவியல்:
படிக அமைப்பு மட்டும் அதே ஜாதி. பேட்டரியில் இருப்பது லித்தியம், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின் சேர்த்துச் செய்தது. வெள்ளி கிடையாது.

கீழக்கரை_கல்கடை:
போட்டுப் பார்த்தேன் காக்கா. உலர்வாக 60 காரட், தண்ணீரில் 8. ஆக 7.5. லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி சதுரம் சதுரமாக உடைந்திருக்கிறது.

ராம்நாடு_நிலவியல்:
அப்போ கலீனா, ஈயக்கல். ஆர்ஜிரோடைட் அப்படிச் சதுரமாகப் பிளக்காது. ஃப்ரைபெர்க்கில் கலீனாவும் ஏராளம், சீட்டு இடம் மாறியிருக்கலாம். பெட்டியை இன்னொரு முறை கொட்டிப் பாருங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டு.