கன்ட்ரோல் கார்: ‘ஓட்டுமுனைப் பெட்டி’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

இன்ஜின் முன்னிருந்து இழுக்கவும் பின்னிருந்து தள்ளவும் கூடிய இழுதள்ளு (push-pull) ரயிலின் ‘கன்ட்ரோல் கார்’ என்பதற்குக் ‘கட்டுப்பாட்டுப் பெட்டி’ எனும் பெயரை முன்மொழிந்த நண்பர், மாதிரி ரயில் ஓட்டுவோரின் மேசையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு பொருத்திய கருவியைத்தான் அங்கே கட்டுப்பாட்டுப் பெட்டி என்கிறோம். “கட்டுப்பாட்டுப் பெட்டி தடம் புரண்டது” என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார்.

இன்ஜின் தொடரின் ஒரு முனையிலேயே நிலையாக இருக்க, மறுமுனையில் ஓட்டுநர் அறை கொண்ட பயணிகள் பெட்டி ஒன்று இணைக்கப்படுகிறது. இதுவே கன்ட்ரோல் கார். அதற்குச் சொந்த உந்துவிசை இல்லை. ஓட்டுநர் அங்கிருந்து இடும் கட்டளைகள் பெட்டிகளினூடே செல்லும் கம்பிவழியாக இன்ஜினைச் சென்றடைய, அது பின்னாலிருந்து தள்ளுகிறது. 2011இல் மூடப்பட்ட, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் போன்ற கடைமுனை நிலையங்களில் இன்ஜினைக் கழற்றி, பக்கத் தடத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறுபுறம் மாட்டும் வேலை இதனால் மிச்சமாகும்.

இழுதள்ளு ரயில் எல்லாவற்றிலும் இப்பெட்டி இருக்கும் என்பதில்லை. 2023 டிசம்பரில் இந்தியாவில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் விரைவு ரயில் இழுதள்ளு வகைதான். ஆனால் அதன் இரு முனைகளிலும் இன்ஜின்களே இருக்கின்றன. மறுபுறம், 1987இல் நம் சிங்கப்பூரின் எம்ஆர்டி (நகரப் பெருவிரைவு ரயில்) சேவை தொடங்கியபோது ஓடிய ஆறு பெட்டி ரயில்களில், ஓட்டுநர் அறை இருந்த இரு முனைப் பெட்டிகளுக்கும் மோட்டார் கிடையாது. நடுவிலிருந்த நான்கு பெட்டிகளே ரயிலை உந்தின. எனவே ‘செலுத்து பெட்டி’ போன்ற, உந்துவிசையை நினைவூட்டும் பெயர்கள் இதற்கு ஆகா.

‘வலவன் பெட்டி’ அழகானது. தேரோட்டியைக் குறித்த பழஞ்சொல்லை மீட்கும் ஆசை எனக்கும் உண்டு. எனினும் அது ஆளைச் சுட்டுகிறதே ஒழிய, பெட்டி தொடரின் முனையில் நிற்பதைச் சொல்லவில்லை. ‘ஓட்டறைப் பெட்டி’யோ வாக்குச்சாவடிக்குப் போய்விடுகிறது!

என் பரிந்துரை ‘ஓட்டுமுனைப் பெட்டி’. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “ஓட்டுமுனைப் பெட்டி முன்னே செல்கையில் அதில் வெள்ளை விளக்கும், பின்னே வருகையில் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், இன்ஜினுக்குத் தந்த முகவரி எண்ணையே இப்பெட்டியின் டிகோடருக்கும் (கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் மின்னணுச் சில்லு) தந்தால், திசை மாறும்போது இரண்டின் விளக்குகளும் சேர்ந்தே மாறும்.” “வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு மேசையில் அமையும் இறுக்கமான வளைவுகளில், தள்ளப்படும் ஓட்டுமுனைப் பெட்டி எடை குறைந்ததாக இருந்தால் எளிதில் தடம் புரளும். அதன் அடிப்பகுதியில் சிறிது எடை சேர்க்கலாம்.” எங்கும் இடறவில்லை.

இன்ஜினிலும் ஓட்டுமுனை உண்டே என்று கேட்கலாம். ‘பெட்டி’ என்னும் பிற்பகுதி அதை விலக்கிவிடும். எம்ஆர்டியின் முனைப் பெட்டிகளுக்கும் பெயர் பொருந்திவிடுவதை நான் குறையாகக் கருதவில்லை. மறுப்புள்ளவர்கள் தங்கள் சொல்லையும் இவ்விரு வாக்கியங்களில் வைத்து அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும். ‘டிகோடர்’ என்ற சொல்லை இப்போதைக்குத் தமிழாக்காமல் அப்படியே விட்டுவைப்போம்.

அன்புடன்.