தீத்தடுப்புக் கதவுகளைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டியவர் யார்?

வணக்கம் நண்பர்களே. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் தர ஆய்வுப் பொறியாளராக இருக்கிறேன். ஒப்படைப்பு நெருங்குகிறது. தீத்தடுப்புக் கதவுகளின் இறுதிச் சோதனையை யார் செய்வது என்பதில் மட்டும் முடிவு வரவில்லை.

சான்றிதழ் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்கிறார் கதவு வழங்கியவர். பொருத்திய துணை ஒப்பந்ததாரரோ, தன் வேலைக்குப் பிறகு மற்றவர்கள் கைவைத்துவிட்டார்கள் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. மின்பணியாளர்கள் கதவின் சட்டகத்தில் துளையிட்டிருக்கிறார்கள். கதவின் தீத்தாங்கு தரத்தைக் காட்டும் அடையாளத் தகட்டின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு மாடிகளில் கதவு தானாகச் சாத்திக்கொள்வதே இல்லை. ஒரு கதவின் அடியில் தரையோடு உள்ள இடைவெளி 25 மி.மீ. தீத்தடுப்புக் கதவுகளுக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 80 அனுமதிப்பது அதிகபட்சம் 19 மி.மீ. தான். புகை சூழும் நேரத்தில் படிக்கட்டைக் காப்பது இந்தக் கதவுதானே! அதனால்தான் மனம் ஒப்பவில்லை.

அதே தரநிலை பொருத்தியவுடன் ஒரு சோதனையும் பிறகு ஆண்டுதோறும் ஒரு சோதனையும் கேட்கிறது. ஆண்டுச் சோதனை உரிமையாளர் பொறுப்பு என்பது தெளிவு. முதல் சோதனைக்கு எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. முதன்மை ஒப்பந்ததாரர்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து; எல்லாப் பணிகளையும் ஒருங்கிணைப்பவர் அவரே.

உங்கள் திட்டங்களில் இதை எப்படி எழுதிக்கொண்டீர்கள்? சுயேச்சையான ஆய்வாளரை அமர்த்தினீர்களா? அவருடைய கட்டணத்தை யார் ஏற்றார்கள்? ஒப்பந்த வாசகமோ, கதவுவாரியான சோதனைப் படிவமோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்த வாரக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும்.