குதிகால் வலி: புதுப்பிப்பு

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஆலையில் சிமெண்ட் தரையில் நின்றே வேலை பார்த்து, காலையில் முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி வலிக்கிறது என்று எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு: முக்கால்வாசி குறைந்துவிட்டது.

பிளான்டர் ஃபேசியைட்டிஸ்தான் என்றார் எலும்பு டாக்டர். குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் நார்ப்பட்டையில் பிரச்சினை. எக்ஸ்ரேயில் எலும்பு முள் (குதிகால் எலும்பில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வளர்ச்சி) தெரிந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்குமாம்.

கைகொடுத்தது நீட்சிப் பயிற்சிதான். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து 10 விநாடி பிடிக்கணும், 10 தடவை. அப்புறம் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுவது. சாயங்காலம் ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டுவேன். (சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் ஐஸ் பக்கம் போகாதீர்கள்.) வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புதான், மாமியார் முகம் சுளித்தாலும்.

ஊசி பற்றிக் கேட்ட அண்ணாவுக்கு: ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாள் வலியை அடக்கும்; அபூர்வமாகப் பட்டையே கிழியலாம் என்றதால் நான் போட்டுக்கொள்ளவில்லை. பெரும்பாலானோருக்கு ஒரு வருஷத்துக்குள் ஊசி, ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடுமாம். தீர்த்தமலை படியேறுவதை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டேன்.