மறு: ஒரே தொழிற்சாலை, பல பெயர்கள் – கலைச்சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

> ஒரே ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (பறவை பார்க்க முக்காலியில் வைக்கும் சிறு தொலைநோக்கி) நாலு கம்பெனி நாலு பெயரில் விற்கிறது. "போலிப்பெயர்க் கருவி" எனலாமா?

"போலி" வேண்டவே வேண்டாம். அடுத்தவர் பெயரைத் திருடி ஒட்டியதுதான் போலி. இங்கே தொழிற்சாலை தானே வடிவமைத்துச் செய்து கொடுக்கிறது, வாங்கும் நிறுவனம் தன் பெயரைப் பொறித்து விற்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வியாபாரம். தைவானின் ஜி.எஸ்.ஓ. தொழிற்சாலை செய்யும், 203 மி.மீ. ஆடியுள்ள டாப்சோனியன் தொலைநோக்கி (எளிய தாங்கியில் நிற்கும் வகை) அமெரிக்காவில் அப்பெர்ச்சுரா ஏடி8 என்றும் ஜூமெல் இசட்8 என்றும் விற்பனைக்கு வந்தது. இரண்டுமே அசல்தான்.

> அப்படியானால் "இரட்டைக் கருவி"?

இரட்டை என்றால் உள்ளும் புறமும் ஒன்று என்று ஆகிவிடும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அப்படி நம்பி வாங்கக்கூடாது. உடல், குவியத் திருகு, முக்காலியில் பொருத்தும் வளையம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். உள்ளே ஒன்றில் ஈடி கண்ணாடி (நிறங்கள் பிரிந்து கசிவதைக் குறைப்பது), மற்றதில் சாதாரணக் கண்ணாடி இருக்கலாம். வில்லைப் பூச்சும் மாறலாம். கடையில் 20 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. முன்வில்லை 80 மி.மீ. உள்ள ஸ்கோப்பில் அப்போது கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மி.மீ. அகலம். 60 மடங்குக்குப் போனால் அது 1.3 மி.மீ.தான். படம் மங்கும், வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா கசியும். சாதாரணக் கண்ணாடி அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே நம் சொல் ஒன்றை மட்டும் சொன்னால் போதும்: கூடு ஒரே அச்சில் வந்தது. "ஓரச்சுக் கருவி" கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளியியலில் ஓரச்சுப் படிகம், ஈரச்சுப் படிகம் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். அங்கே அச்சு என்பது வார்ப்பு அச்சு அல்ல, படிகத்தின் ஒளியச்சு (axis). ஒரே துறைக்குள் இந்தக் குழப்பம் கூடாது.

என் பரிந்துரை ஒருவார்ப்புக் கருவிகள். வார்ப்பு உடலைத்தான் குறிக்கும், கண்ணாடிக்கு உத்தரவாதம் தராது. "இவை ஒருவார்ப்பு, ஆனால் கண்ணாடி வேறு" என்று முரண் இல்லாமல் எழுதலாம். எடை, மிகக் கிட்டத்தில் குவியும் தூரம், 1000 மீட்டரில் பார்வைப் புலம் மூன்றும் இரண்டு கருவிகளுக்கு அப்படியே பொருந்தினால் "ஒருவார்ப்பாக இருக்கக்கூடும்" என்று குறிக்கலாம். அப்புறம் கண்ணாடியையும் பூச்சையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

நிறுவன உறவை இதில் கலக்க வேண்டாம். ஸ்கை-வாட்சர் என்ற தொலைநோக்கிப் பெயர் தைவானின் சின்டா நிறுவனத்துடையது, அமெரிக்கத் தொலைநோக்கி நிறுவனமான செலஸ்ட்ரானையும் 2005இல் சின்டா வாங்கியது. முதலாளி ஒருவர் என்பதாலேயே இரண்டு பெயரிலும் வரும் கருவிகள் ஒருவார்ப்பு ஆகிவிடாது. அந்த உறவைச் சொல்ல "உடன்நிறுவனம்" சரியாக வரும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கே தமிழில் என்ன சொல்வது என்பதைத் தனி இழையில் பேசலாம். "களநோக்கி" என் பக்கத்திலிருந்து முதல் சொல்.